இருபத்தாறு ஓட்டைகளும் இரண்டு குட்டிகளும்

1. மருந்து போட்ட பிறகு

இருபத்தாறு ஓட்டைகளுக்கும் வெடிமருந்து போட்டு, மேலே மண் அடைத்து, ஒயரெல்லாம் இணைத்து முடித்த பிறகுதான் பக்கத்து பெஞ்சில் சிறுத்தைக் குட்டிகள் கிடப்பது எங்களுக்குத் தெரிந்தது. அப்போது மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு வெடி.

அரியலூர் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் பிளாஸ்டராக இருந்தேன். பிளாஸ்டர் என்றால் வெடி வைக்கிறவன். சுரங்கம் என்றதும் பூமிக்குள் போகும் குகை என்று நினைக்க வேண்டாம். எங்களுடையது திறந்தவெளிக் குழி. படிப்படியாக வெட்டிக்கொண்டே கீழே இறங்குவோம். ஒவ்வொரு படிக்கும் பெஞ்ச் என்று பெயர். மைனிங் டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது வேலைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் மருந்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை கிலோ போடலாம், எவ்வளவு இடைவெளி விடலாம் என்று. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அந்தப் புரட்டாசி மாத மத்தியானத்தை.

முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். மருந்து போட்ட ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. போட்டதைத் திரும்ப எடுப்பது, அடிப்பதைவிடப் பெரிய ஆபத்து. வெளிச்சம் இருக்கும்போதே அன்றைக்கே அடித்துவிட வேண்டும். இந்த ஒரு விதிதான் அன்று எங்கள் கழுத்தைப் பிடித்தது.

டிரில் ஆபரேட்டர் சகாயம், வரதராஜன்பேட்டைக்காரர். ஓட்டை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. வெடிக்கு முன்னால் சுற்றிலும் சிவப்புக் கொடி நடவும் போவார். அன்று கிழக்குப் பக்கம் பழைய பெஞ்சுக்குக் கொடியோடு போனவர், கொடியைக் கீழே போட்டுவிட்டு வேகவேகமாகத் திரும்பி வந்தார்.

“அண்ணே, அங்க பாறை இடுக்குல ரெண்டு குட்டி கெடக்கு. பூனைக்குட்டின்னு நெனச்சு கிட்டப் போயிட்டேன். பூனை இல்லண்ணே.”

“நாய்க்குட்டியா இருக்கும்யா.”

“ஒடம்பு பூரா புள்ளிண்ணே. என்னப் பாத்து சீறுது.”

நான் போனேன். அந்தப் பெஞ்சில் வேலை நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும். மழையில் அரித்த பாறையில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. அதற்கு மேலே விரிசல் விட்டு நின்ற ஒரு பெரிய பாறை. கடைசி ஓட்டையிலிருந்து அறுபது மீட்டர்கூட இருக்காது. உள்ளே இரண்டு குட்டிகள், வீட்டுப் பூனை அளவில், ஒன்றின் முதுகில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு. கண் திறந்திருந்தது. சாம்பல் கலந்த நீலக் கண். ஒரு குட்டி வாயைத் திறந்து சத்தமே வராமல் சீறியது. இன்னொன்று அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. குட்டி இங்கே என்றால் தாய் எங்கே? முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்தேன். அறுபது மீட்டர் எனக்கு ஆறு மைலாக இருந்தது.

2. “இன்ஸ்பெக்‌ஷன் யாரு பண்ணது?”

மேனேஜர் வெங்கடேசன் சாருக்கு போன் போட்டேன். ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான். ஆனால் கிரஷருக்குக் கல் குறைந்தால் அவருக்கு மேலிடத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் வரும். அன்று கிரஷரில் கல் இல்லை.

“என்ன கலியமூர்த்தி, ஓட்டையெல்லாம் சார்ஜ் பண்ணிட்டு இப்ப வந்து சொல்றீங்க. காலைல இன்ஸ்பெக்‌ஷன் யாரு பண்ணது?”

“நான்தான் சார்.”

“பழைய பெஞ்சுக்குப் போனீங்களா?”

மருந்து போடும் முன்னால் சுற்றுவட்டாரம் முழுக்க நடந்து பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டியது பிளாஸ்டர். அன்று காலை நான் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டே கையெழுத்துப் போட்டிருந்தேன். நாலு வருடமாக ஆள் போகாத பெஞ்சில் யார் இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. உண்மையைச் சொன்னால் அன்று மட்டும் அல்ல, பல மாதங்களாகவே அப்படித்தான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வனத்துறைக்குப் போன் போட்டார்.

வந்தவர் வனக்காப்பாளர் தமிழ்ச்செல்வி. பூலாம்பாடியில் வீடு. பச்சமலை அடிவாரத்தில் பல வருடம் ரோந்து போனவர். காக்கி உடுப்பில், ஸ்கூட்டியில், கழுத்தில் பைனாகுலரோடு வந்து இறங்கும்போது மணி இரண்டேமுக்கால். அதற்குள் சேதி பரவி, டம்பர் லாரி டிரைவர்கள் எல்லாம் ரோட்டில் கூடிவிட்டார்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் இடுக்கை நோக்கி நடக்கப் பார்த்தார்கள். தமிழ்ச்செல்வி வந்ததும் முதல் வேலையாக அவர்களைத் துரத்தினார்.

“அண்ணே, படம் புடிக்கறதுன்னா போய்ப் புடிங்க. ஆனா தாய் உங்களுக்குப் பின்னால வந்து நின்னா நான் பொறுப்பு இல்ல.”

நாலு பேரும் வந்த வழியே திரும்பினார்கள்.

மேனேஜர் அவரிடம், “மேடம், ஒரு பெட்டில எடுத்து வச்சுக்கங்க. அரை மணி நேரத்துல அடிச்சிடறோம். அப்பறம் அதே எடத்துல வச்சிருங்க” என்றார்.

“முடியாதுங்க சார். தாய் தூரமா போயிருக்காது. நம்ம குட்டியத் தூக்கறத அது பாத்துச்சுன்னா மேல பாயும். பாக்கலன்னா இன்னும் கஷ்டம். குட்டியத் தேடிக்கிட்டு நேரா இந்த இடுக்குக்குத்தான் வரும். நீங்க அடிக்கற நேரத்துக்கு உள்ள தாய் இருக்கும்.”

“எத்தன நாள் குட்டி?”

“ஒரு மாசம் இருக்கும். தாய் வேட்டைக்குப் போனா ஒரு நாள்கூட வராம இருக்கும் சார். அதுவரைக்கும் குட்டி சத்தம் போடாம கெடக்கும். சத்தம் போட்டா மொதல்ல வர்றது கடுவனாத்தான் இருக்கும். தன்னோட குட்டி இல்லன்னு தெரிஞ்சா கடிச்சுப் போட்டுரும்.”

ஆண் சிறுத்தை அப்படிச் செய்யும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். “இந்த இரைச்சல்ல வந்தா குட்டி போடும்?” என்று கேட்டேன்.

“இரைச்சல் இருக்கறதாலதான் வந்திருக்கும் அண்ணே. மெஷின் ஓடுற பக்கம் கடுவன் வர்றது குறைவு. தாய்க்கு அது போதும். ஓடை வழியாவே மலைலேந்து எறங்கி வந்திருக்கலாம். இங்க நாய் ஏதாச்சும் காணாமப் போச்சா?”

சகாயம் என்னைப் பார்த்தார். கேன்டீன் வாசலில் கிடந்த மூன்று நாய்களில் இரண்டு ஒரு மாதத்துக்குள் காணாமல் போயிருந்தன. லாரியில் அடிபட்டிருக்கும் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம்.

இடுக்கில் இருந்தால் கல் தெறித்துக் குட்டிகள் மேல் விழாது. வெடித்த கல் எதிர்ப்பக்கம்தான் போகும். என் பயம் வேறு. அதிர்ச்சியில் மேலே இருந்த அந்த விரிசல் பாறை இறங்கிவிடும். அதைத் தமிழ்ச்செல்வியிடமும் மேனேஜரிடமும் சொன்னேன். மேனேஜர் மேற்கே காட்டினார். பெரம்பலூர் பக்கத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“இடி மின்னல் வந்தா இருபத்தாறு ஹோலும் தானா போயிரும். அப்ப நம்ம ஆளுங்க எங்க நிப்பாங்கன்னு யோசிச்சீங்களா? ரெண்டு குட்டிக்காக எல்லையில நிக்கிற ஆறு காவல்காரன் உயிரப் பணயம் வைக்கச் சொல்றீங்களா?”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சட்டைப் பையில் இருந்த எக்ஸ்ப்ளோடர் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெடியை அடிக்கும் பெட்டிக்கு அதுதான் சாவி. அது பிளாஸ்டரிடம்தான் இருக்க வேண்டும், மேனேஜரே கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

3. முதல் சைரன்

யோசனை சகாயத்துடையது. “அண்ணே, சைரன் அடிச்சா நாயெல்லாம் எந்திரிச்சு ஆபீஸ் பக்கம் போயிரும்ல? மயிலுகூடப் போயிரும். ஒரு மாசமா இங்கயே கெடக்குற சிறுத்தைக்குத் தெரியாமயா இருக்கும்? வந்து குட்டியத் தூக்கிட்டுப் போயிரும்.”

முதல் சைரன் என்றால் எல்லோரும் விலகிப் போக வேண்டும். இரண்டாவது, அடிக்கப் போகிறோம். மூன்றாவது, முடிந்தது. இந்த வரிசையை நாங்கள் மாற்றியதே கிடையாது.

தமிழ்ச்செல்வி இடுக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “தெரியல அண்ணே. இதுக்கு முன்னால குட்டிய வேற எடத்துல வச்சிருந்து, நேத்துதான் இங்க மாத்திச்சோ என்னமோ. தாய் அடிக்கடி எடம் மாத்தும். ஆனா ஒண்ணு செய்யலாம். எல்லாரும் ஒதுங்கி, மனுஷ நடமாட்டமே இல்லாமப் போயிட்டா வரும். சைரனோ எதுவோ, அதுக்கு வழி விடணும்.”

காவலாட்கள் எல்லோரையும் தூரத்துக்கு அனுப்பினோம். மெஷின்களை நிறுத்தினோம். எதிர் மேட்டில் இருந்த இரும்புக் கூண்டுக்குள் நானும் தமிழ்ச்செல்வியும் போய் உட்கார்ந்தோம். வெடி அடிக்கும்போது பிளாஸ்டர் ஒதுங்கி நிற்கும் இடம் அது. வாக்கி டாக்கியில் மேனேஜர். மூன்றரைக்குக் கூண்டிலிருந்த பட்டனை அழுத்தி முதல் சைரன் அடித்தேன்.

இருபது நிமிஷம் எதுவும் இல்லை. கூண்டுக்குள் வெக்கை. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.

“உக்காருங்க அண்ணே. கூண்டு ஆடுது” என்றார் தமிழ்ச்செல்வி, பைனாகுலரை எடுக்காமலே.

அப்புறம் அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பைனாகுலரை என்னிடம் நீட்டினார்.

பழைய பெஞ்சுக்கு மேலே இருந்த மண்மேட்டின் சீமைக்கருவேல நிழலிலிருந்து தாய் வெளியே வந்தது. ஓடவில்லை. வயிறு தரையில் உரச, ஓர் அடி வைத்து நின்று, இன்னோர் அடி வைத்து நின்று வந்தது. நான் நினைத்ததைவிடச் சின்ன உடம்பு. ஒல்லி. முலை தொங்கியது. இடுக்குக்குள் போய், ஒரு நிமிஷத்தில் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. குட்டி கை கால்களை மடக்கிக்கொண்டு துணிப்பொட்டலம் மாதிரி தொங்கியது. தாய் வந்த வழியே போய் மறைந்துவிட்டது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

4. நான் செய்த தப்பு

வாக்கி டாக்கி அலறியது. “கலியமூர்த்தி, போயிருச்சுல்ல? அடிங்க.”

“ஒண்ணுதான் சார் போயிருக்கு. இன்னொண்ணு உள்ள இருக்கு.”

“எவ்ளோ நேரம்யா?”

தமிழ்ச்செல்வி, “தூரத்துல வச்சுட்டு வரணும்ல சார். அரை மணி நேரமாவது ஆகும்” என்றார்.

அரை மணி நேரம் ஆனது. வரவில்லை. தனியாக விடப்பட்ட குட்டி இடுக்கின் வாசலுக்கு ஊர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு நேரம் சத்தமே போடாமல் கிடந்தது இப்போது கத்த ஆரம்பித்தது. எங்கள் காதுக்கு எட்டவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் பைனாகுலரில் தெரிந்தது. மேற்கே முதல் இடி முணுமுணுத்தது. வாக்கி டாக்கியில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மேனேஜர். காவலுக்கு நிற்கிறவர்களும் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. முதல் சைரனுக்கு வந்ததே, இன்னொன்று அடித்தால் அவசரப்பட்டு வரும் என்று தோன்றியது. தமிழ்ச்செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை தானாகப் போய் இரண்டாவது சைரனை அழுத்திவிட்டது.

“ஐயோ, ஏண்ணே!” என்று கத்தினார் அவர்.

பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். தாய் மண்மேட்டில் பாதி தூரம் இறங்கி வந்திருந்தது. இலைகளுக்கு நடுவே நின்றதால் எனக்குத் தெரியவில்லை, அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டாவது சைரன் என்றால் அடுத்து பூமி அதிரும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. உடம்பைச் சுருக்கியது. குட்டி இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தது. திரும்பிப் பாய்ந்து போயே போய்விட்டது.

“வந்துட்டிருந்துச்சுண்ணே. இன்னும் ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்” என்றார் தமிழ்ச்செல்வி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அதற்கப்புறம் பேசவே இல்லை.

வாக்கி டாக்கியில், “ரெண்டாவது சைரன் கேட்டுச்சு, ஏன் இன்னும் அடிக்கல?” என்றார் மேனேஜர்.

“தப்பா அடிச்சிட்டேன் சார். என் தப்பு.”

“இங்க பாருங்க. அஞ்சே முக்காலுக்கு மேல வெளிச்சம் இல்ல. அதுக்குள்ள குட்டி போனாலும் சரி, போகாட்டியும் சரி, நீங்க அடிக்கறீங்க. இடி பக்கத்துல வந்துட்டா அதுக்கு முன்னாலயே அடிக்கறீங்க. புரியுதா?”

“புரியுது சார்.”

புரிந்துதான் சொன்னேன். எல்லையில் ஆறு பேர் நிற்கிறார்கள். ஆறு பேருக்கும் குடும்பம் இருக்கிறது. அஞ்சே முக்கால் வரைக்கும் மட்டும்தான் அந்தக் குட்டிக்காக நான் நிற்க முடியும். அதுவரை உட்கார வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் பட்டன் இருந்தும் அழுத்தாமல், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். நாலரை. நாலே முக்கால். அஞ்சு. குட்டி கத்திக் களைத்து, வாசலிலேயே தலையைச் சாய்த்துவிட்டது. காற்று கிளம்பிச் சுண்ணாம்புத் தூசியைக் கண்ணில் அடித்தது.

அஞ்சு இருபதுக்குத் தாய் வந்தது. இந்தத் தடவை வேறு பக்கத்திலிருந்து, நாங்கள் மருந்து போட்டிருந்த பெஞ்சைக் குறுக்கே கடந்து, ஒயர்களை முகர்ந்து பார்த்துத் தாண்டிக்கொண்டு வந்தது. குட்டி எழுந்து தடுமாறிக்கொண்டு போய் அதன் முன்னங்காலுக்கு அடியில் புகுந்தது.

தூக்கிக்கொண்டு போகும் என்று பார்த்தால், தாய் அங்கேயே படுத்துவிட்டது. ஒருக்களித்துப் படுத்து, குட்டிக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தது.

“என்னம்மா இது?” என்றேன்.

“பயந்துபோயிருக்கும்ல அண்ணே அந்தக் குட்டி” என்றார் தமிழ்ச்செல்வி. எவ்வளவோ நேரத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை.

பதினைந்து நிமிஷம். தாய் குட்டியின் முகத்தை நக்கியது, காதை நக்கியது. நடுவில் தலையைத் தூக்கி நேராக எங்கள் கூண்டைப் பார்த்தது. மறுபடி நக்கியது. மேனேஜர், “மணி பாத்தீங்களா?” என்றார். “பாத்தேன் சார்” என்றேன். இடி ஒன்று, முன்னைவிடக் கிட்டத்தில். அஞ்சு முப்பத்தெட்டுக்கு எழுந்து, சோம்பல் முறித்து, குட்டியைக் கவ்விக்கொண்டு நடந்தது. ஓடவில்லை. மண்மேட்டுக்கு அந்தப்பக்கம் அது இறங்கி மறைந்த பிறகும் தமிழ்ச்செல்வி விரலால் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நானாக எதையும் அழுத்தவில்லை.

“இப்ப அடிங்க” என்றார்.

சைரன் கொடுத்து, சாவியைப் போட்டு, அடித்தேன். தூசி அடங்கியதும் பைனாகுலரில் பார்த்தேன். விரிசல் பாறை இறங்கி, இடுக்கு இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாவது சைரன் அடித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

5. கையெழுத்து

மறுநாள் தாமதத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வனவிலங்கு நடமாட்டம், மோசமான வானிலைன்னு எழுதிக் கொடுத்துருங்க. யாரும் கேக்க மாட்டாங்க” என்றார். எனக்கு உதவி செய்யத்தான் சொன்னார்.

நான், காலையில் பழைய பெஞ்சுக்குப் போகாமலே ஆய்வு செய்ததாகக் கையெழுத்துப் போட்டேன், போயிருந்தால் மருந்து போடும் முன்பே தெரிந்திருக்கும், ஒரு நாள் தள்ளி வைத்திருக்கலாம் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, “இதக் கொடுத்தா வார்னிங் லெட்டர் வரும் கலியமூர்த்தி” என்றார். வந்தது. என் சர்வீஸில் அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்துத் தமிழ்ச்செல்வி போன் செய்தார். பெரம்பலூர் பக்கம் ஒரு காட்டோடை மணலில் தாயின் காலடித் தடத்தைப் பார்த்தாராம். கூடவே சின்னத் தடம் இரண்டு ஜோடி. “ரெண்டும் இருக்குண்ணே” என்றார். அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நாலு வருடம், மருந்து போடும் ஒவ்வொரு நாளும் சுற்றுவட்டாரம் முழுக்க நடந்தேன். முட்டி வலிக்கும். மேலே மண்மேடு, பழைய பெஞ்ச், ஓடைக்கரை, ஒன்றையும் விடுவதில்லை. கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள், இன்னும் சிறுத்தையைத் தேடுகிறார் என்று. பெரும்பாலான நாட்களில் எதுவும் இருக்காது. மயில் இருக்கும், ஓணான் இருக்கும், காலி பாட்டில் இருக்கும்.

ஒரு சித்திரை மாதம், வேலை நின்றுபோன தெற்கு பெஞ்சின் நிழலில் ஒரு பெரியவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நாலைந்து ஆடுகள் கருவேலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தன. வேலியில் எங்கோ ஓட்டை இருந்திருக்க வேண்டும். அடிக்கப்போகும் பெஞ்சிலிருந்து எண்பது மீட்டர்.

“பெரியவரே, எந்திரிங்க. இங்க வெடி வைக்கப் போறோம்” என்றேன். அசையவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினேன். பதறி எழுந்து உட்கார்ந்தார். “சைரன் அடிச்சா ஓடிரணும்னு தெரியாதா?” என்று கேட்டேன்.

அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, கையை விரித்து இல்லை என்று ஆட்டினார்.

அவரையும் ஆடுகளையும் வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து, முழுச் சுற்றும் மறுபடி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.